அமைச்சர் யோசித்த நேரம்

அந்த வானொலி நிலையத்தில் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் கோபப்பட மாட்டாள். டயர் கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட நிலையம். ஒன்றில் பேசுவார்கள், மற்றதில் அவள் வெட்டுவாள், நடுவில் ஒரு கண்ணாடி. காலையில் ஊரே கேட்கும் பேட்டி நிகழ்ச்சி அங்கிருந்துதான் போகும். மாகாண சபை உறுப்பினர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர், நூலகச் சங்கத் தலைவி, குப்பை வண்டி வரவில்லை என்று கொதிக்கும் தெருக்காரர் என்று எல்லாரும் அந்த மைக் முன்னால் உட்கார்ந்து எச்சில் விழுங்கியவர்கள்தான்.

விழுங்கிய எச்சிலை எடுப்பது அவள் வேலை. இருமல், செருமல், ‘வந்து’, ‘அதாவது’, ‘என்ன சொல்ல வந்தேன்னா’, வாயைத் திறந்தும் சொல் வராமல் திண்டாடும் நேரம், எல்லாவற்றையும் கணினித் திரையில் தேடித் தேடி நறுக்குவாள். சொன்ன சொல்லில் கை வைக்கக்கூடாது என்பது நிலையத்தின் சட்டம். சொல்லாமல் இருந்த நேரத்துக்குச் சட்டம் கிடையாது. ரேடியோவில் சத்தம் நின்றால் கேட்கிறவன் வேறு நிலையத்துக்குப் போய்விடுவான் என்று மேலாளர் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

திக்கித் திணறும் கவுன்சிலர் ஒருவர் அவள் கை பட்டு வெளியே போனபோது பொரிந்து தள்ளினார். தேர்தலில் ஜெயித்து, பிஸ்கட் டப்பாவோடு நன்றி சொல்ல வந்தார். அந்த நன்றியைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்து விறுவிறுத்துப் போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நேரில் பேசுகிறவனை வெட்ட முடியாதே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை. கடையில் யோசித்து வாங்குகிறவர்களின் பின்னால் நின்று உச்சுக் கொட்டுவாள். விட்டுவிட்டுப் போன கணவனைப் பற்றி யாராவது கேட்டால், “ஒரு வாக்கியத்த முழுசா முடிக்க மாட்டான்” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவளை நல்ல மனுஷி என்று சொல்ல நான் வரவில்லை.

அவளுக்கென்று இருந்தது தங்கை ஒருத்திதான். இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். தங்கையின் கணவர் வாழ்நாள் பூராவும் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு, ஊர் மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டுதான் உயிரோடு இருந்தார். அந்த இயந்திரங்களை மாகாணத் தலைநகருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. தலைநகர் மூன்று மணி நேரப் பாதை. அங்கே பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு காலியாக இருந்தது. வார முடிவுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர்.

“போனா இந்தக் கடைய மூடணும்க்கா. பழகின கைய விட்டு வேற ஊர்ல யார் எங்கிட்ட தைக்கக் குடுப்பா?” என்றாள் தங்கை. “உங்க நிகழ்ச்சிக்கு அமைச்சர் வர்றாராமே. அவர் வாயால என்ன சொல்றார்னு பாத்துட்டு முடிவு பண்றேன்.”

மாகாண சுகாதார அமைச்சர் வந்தார். பேட்டி எடுத்தவருக்கு வெண்கலம் என்று பேர். குரல் அப்படிக் கணீரென்று இருக்கும், உள்ளே வெண்கலப் பாத்திரம் போலக் காலி. அவர் சாலை, பள்ளிக்கூடம், குடிநீர் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கேட்டார்: “டயாலிசிஸ் பிரிவு இந்த ஊர்லயே இருக்குமா சார்?”

அமைச்சர் பேசவில்லை. கதவோரம் நின்ற உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தன் காலணியைப் பார்த்தார். அமைச்சர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அப்புறம் சொன்னார்: “வந்து... இருக்கும். இங்கயேதான் இருக்கும்.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவ்வளவையும் அவள் பார்த்தாள். ரேடியோ கேட்கிற ஊர் பார்க்க முடியாததைப் பார்த்தாள். மத்தியானம் வெட்ட உட்கார்ந்தபோது ‘இருக்கும்’ என்ற சொல் மட்டுமே அவளுக்கு வேண்டியிருந்தது. தங்கைக்குத் தரப்போகும் சொல் அல்லவா? துடைத்துப் பளபளவென்று தரவேண்டும் என்று தோன்றியது. டம்ளர் சத்தம் போனது, மூச்சு போனது, ‘வந்து’ போனது. கேள்வி முடிந்த மறு நொடி பதில் வந்து நின்றது. போட்டுக் கேட்டாள். தேன் குடித்தது போல இருந்தது.

மறுநாள் காலை நிகழ்ச்சி முடிந்த கையோடு தங்கை போன் பண்ணினாள். குரலில் சிரிப்பு.

“கேட்டேன்க்கா! பட்டுனு சொல்லிட்டாரே. கொஞ்சங்கூட யோசிக்கல பாத்தியா? பொய் சொல்றவன்னா ஒரு நிமிஷமாவது முழிப்பான்ல?”

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தன் வேலையின் லட்சணம் தெரிந்துவிடும், அமைச்சர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், எதற்கு வீணாகக் கலவரப்படுத்துவது என்று என்னென்னவோ நினைத்தாள். “ஆமா, பட்டுனு சொன்னாரு” என்றாள்.

தலைநகர் வீடு வேறொருவருக்குப் போனது. மழைக்காலம் வருவதற்குள் ஒரு லாரி வந்து இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போனது. பிரிவின் கதவில் பூட்டுத் தொங்கியது. நிலையத்திலிருந்து அமைச்சரைக் கேட்டபோது, ‘அன்றைய நிலையில் சொன்னது’ என்று ஒரு வரி அனுப்பினார்.

அதன்பிறகு, தலைநகரில் வேறு வீடு கிடைக்காததால், புருஷனும் பெண்டாட்டியும் விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினார்கள். வாரத்துக்கு மூன்று முறை, போக மூன்று மணி, வர மூன்று மணி. அவர் ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, “கியர மாத்துப்பா, வண்டி அழுவுது பாரு” என்று அதட்டிக்கொண்டே போவார். மழையில் பாலம் மூழ்கி ஒரு முறை போக முடியாமல் போனது. அடுத்த முறை போகும்போது அவர் அதட்டவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, அப்புறம் அமைதியாகிவிட்டார். அசந்து தூங்குகிறார் என்று தங்கை தோளைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் நிலையத்தில் எழுப்பியபோதுதான் தெரிந்தது. எந்த இடத்தில் உயிர் போனது என்று கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. அதையே நினைத்து நினைத்து அழுதாள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் தங்கை ஒன்றையே சொன்னாள். “அந்த மனுஷன் பட்டுனு சொன்னாரு. ஒரு நொடி யோசிச்சிருந்தா நான் கிளம்பியிருப்பேன்.” பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், பஸ் டிப்போ ஆட்களிடம் சொன்னாள், போனில் சொன்னாள். கத்தரி மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கேட்டாள். எல்லாரும் போனபிறகு தாங்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்.

“அவர் பட்டுனு சொல்லல. ரொம்ப நேரம் முழிச்சாரு. நான்தான் வெட்டினேன்.”

தங்கை கணவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று இவள் காத்திருந்தாள். தங்கை மறுபடியும் சட்டையை எடுத்து மடித்தாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

கொஞ்ச நாள் கழித்து மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. டயாலிசிஸ் பிரிவு மூடியதால் செத்தவரின் மனைவியைப் பேட்டி எடுக்கலாமே என்றார். “நம்ம கத்தரியோட தங்கச்சிதானே, கூப்பிட்டா வருவாங்க” என்றார் வெண்கலம். கூப்பிட்டார்கள். தங்கை வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருப்பது தெரிந்தும் வந்தாள்.

இன்றோடு தீர்ந்தோம் என்று கத்தரி நினைத்தாள். தங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போகும், ஊரில் தலைகாட்ட முடியாது.

வெண்கலம் குழைந்த குரலில் கேட்டார்: “தலைநகர்ல வீடு கிடைச்சும் நீங்க போகலயாமே. ஏம்மா போகல?”

தங்கை நிமிர்ந்து கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது. தொண்டை ஏறி இறங்கியது. வெண்கலம் நெளிந்தார், காகிதத்தைப் புரட்டினார். தங்கை கண்ணை எடுக்கவே இல்லை. சின்ன வயதில் அக்கா செய்த தப்பை அம்மாவிடம் சொல்லாமல் விழுங்கிய தங்கையின் அதே முகம். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: “தெரியல.”

தப்பித்தோம் என்றுதான் கத்தரிக்கு முதலில் தோன்றியது. அதை மறைத்துப் பயனில்லை.

மத்தியானம் வெட்ட உட்கார்ந்தாள். திரையில் அந்த இடம் சத்தமே இல்லாமல் நீளமாகக் கிடந்தது. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. விட்டால் ஊர் கேட்கும். இந்தப் பெண் யாரைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நேரம் சும்மா இருந்தாள், எதை விழுங்கினாள் என்று ஆள் ஆளுக்குத் துருவுவார்கள். மேலாளரும் எட்டிப் பார்த்து, “அது என்ன அங்க இவ்ளோ பெரிய ஓட்டை?” என்றார். அவள் வெட்டினாள். கேள்வியின் வாலில் பதில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும் தையல் கடைக்குப் போனாள். தங்கை மன்னித்துவிட்டாள், இனி பேசுவாள் என்ற நம்பிக்கையில் வழியில் பழம்கூட வாங்கினாள். கடையில் இரண்டு பெண்கள் துணி கொடுக்க நின்றிருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், தங்கைக்குக் கேட்கும்படியே சொன்னாள்:

“புருஷன் உயிர் விஷயம். ஏன் போகலன்னு கேட்டா, பட்டுனு தெரியலன்றா. ஒரு நொடி யோசிக்கக்கூட இல்ல. என்ன பொம்பளையோ!”

தங்கை தலையை நிமிர்த்தவில்லை. துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் போகும்வரை போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அக்காவைப் பார்த்தாள்.

“அவ்ளோ நேரம் நான் வாய மூடிக்கிட்டு இருந்தது உனக்காகக்கா” என்றாள். “அதையும் வெட்டிட்டியா?”

கத்தரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எச்சில் விழுங்கினாள், செருமினாள், ‘வந்து’ என்றாள், ‘அதாவது’ என்றாள். தங்கை அவள் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பழப்பையை எடுத்து வெளியே படியில் வைத்துவிட்டு, அப்போதுதான் உள்ளே வந்த ஒருவரிடம் அளவு எடுக்கப் போனாள்.

மத்தியானம் நிலையத்தில், பிஸ்கட் டப்பாவோடு வந்த அந்தக் கவுன்சிலரின் பேட்டி வெட்டுக்குக் காத்திருந்தது. நிறையத் திக்கியிருந்தார்.