ஜெபத்தை நிறுத்தச் சொன்னேன்

இதை நான் சொன்னால் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தில் சிலருக்கு மனசு சங்கடப்படும். படட்டும். உயிரோடு இருப்பதால்தான் சொல்கிறேன்.

நான் மாரண்டஹள்ளிப் பக்கம். வீட்டுக்காரர் தக்காளி போடுகிறார். எனக்கு மார்பகப் புற்றுநோய். போன தவக்காலத்தில் இரண்டாவது கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார்கள். பத்து நாளில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கூட்டம் கூடாது, காய்ச்சாத தண்ணீர் கூடாது. காய்ச்சல் நூறைத் தாண்டினால் மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே வர வேண்டும். எதிர்க்க அணுக்களே இல்லாத உடம்பைக் கிருமி சில மணி நேரத்தில் முடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் ஜெபிக்க வருகிறவர்களை எந்த வாயால் வராதீர்கள் என்பது?

மறுநாளே அன்பியத் தலைவி ரீட்டா அக்கா எனக்காக ஒன்பது நாள் நவநாள் தொடங்கினார்கள். தினமும் சாயங்காலம் இருபது பேர் எங்கள் சின்ன வீட்டுக்குள். ஒவ்வொருவராக என் மொட்டைத் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஒருவருக்கு விடாத இருமல். கோயில் தொட்டியில் ஊரே விரல் நனைக்கிற தீர்த்தத்தைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். மாஸ்க் போட்டிருந்ததற்கு, "எங்களப் பாத்தா கிருமியாட்டம் தெரியுதா?" என்று ஒருவர் கேட்டார். கழற்றிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

எட்டாம் நாள் ஜெபமாலை நடுவிலேயே குளிர் தூக்கிப் போட்டது. தெர்மாமீட்டர் நூற்றியொன்று காட்டியது. வீட்டுக்காரர் வண்டி பிடிக்க எழுந்தார். ரீட்டா அக்கா தடுத்தார்கள். "நாளைக்கு ஒருநாள்தாங்க பாக்கி. பாதியில எந்திரிச்சுப் போனா விசுவாசமில்லைனு ஆயிருமுங்க." அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

எல்லோரும் சத்தமாக வேண்ட, நான் மனசுக்குள் வேண்டினேன். ஆண்டவரே, இவர்களை அனுப்பிவிடும். அனுப்ப ஆளில்லையென்றால் எனக்கு வாயைக் கொடும்.

கொடுத்தார். கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக நாலு பேர் முன்னால் குரல் உயர்த்தாதவள், சுவரைப் பிடித்து எழுந்தேன்.

"நிறுத்துங்கக்கா. எனக்குச் சாகப் பயமா இருக்குதுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

வீட்டுக்காரர் தலை குனிந்தபடி வண்டி பிடிக்கப் போனார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திராமல், கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். பத்து நாள் தனி அறை. வெள்ளணு ஏற தினமும் வயிற்றில் ஊசி. விடியும்வரை தாமதித்திருந்தால் உயிருக்குச் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

நவநாளால்தான் நான் பிழைத்தேன் என்று ரீட்டா அக்கா இப்போது போகிற இடமெல்லாம் சாட்சி சொல்கிறார்கள். கேட்டாலே வயிறு எரிகிறது. ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன், ஆனால் எதற்கென்று தெரிந்து சொல்கிறேன். அன்றைக்கு என்னை எழுப்பி நிறுத்தினாரே, அதற்கு.

இப்போது பாலக்கோட்டில் ஒரு தங்கைக்குக் கீமோ நடக்கிறது. அவள் வீட்டு வாசலைத் தாண்டாமல் தெருவில் நின்றே ஜெபமாலை சொல்லிவிட்டு வருகிறேன். ஆண்டவருக்குக் கேட்கிறது. நம்புங்கள் சகோதரிகளே. காய்ச்சல் வந்தால் முதலில் வண்டியில் ஏறுங்கள். ஜெபத்தைப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம்.