அவள் கழுத்து வலியும் என் பொய்யும்

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விழுங்கியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் மனைவியும் பால் வெட்டினோம். எங்கள் பங்குக்கு வந்தவை கிழட்டு மரங்கள். அடிப்பட்டை தீர்ந்துபோனதால், காலை முழுக்க அண்ணாந்தே வெட்ட வேண்டும். பிறகு காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். கழுத்திலிருந்து இடுப்பு வரை எனக்கு ஒரே வலி. வீட்டுக்கு வந்ததும் பாயில் குப்புறப் படுத்து, "ஏய், வந்து அமுக்கு" என்பேன். அவளும் அதே வாளிகளைத்தான் சுமந்திருப்பாள். உலையை இறக்கிவிட்டு வந்து, எண்ணெய் தடவி என் கழுத்தையும் முதுகையும் உருவுவாள். அவளுக்கும் வலிக்குமே என்று இந்த மண்டையில் ஒரு நாளும் உறைக்கவில்லை.

அமுக்கினால் அன்றைக்குச் சுகம். விடிந்தால் பழையபடி வலி. ஒரு நாள் இரண்டு பேருமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கொடுக்கும் டிரெசர் எழுந்து நின்று செய்து காட்டினார். கண்ணை மூடி, தலையை மெதுவாக ஒரு தோள் பக்கம் சாய்த்து, பத்து எண்ணிவிட்டு, மறுபக்கம் சாய்த்தார். அப்புறம் இரண்டு கையையும் தூக்கி முதுகை நீட்டினார்.

"அமுக்குறது அன்னன்னிக்குத்தான் கேக்கும். இதத் தினம் செய்யுங்க. ஆனா மெதுவா. வெடுக்குன்னு இழுத்துராதீங்க."

வெளியே வந்ததும் நான் சிரித்தேன். "நாற்காலியில உக்காந்து சம்பளம் வாங்குறவன் செய்யுற வேல இது. ஆம்பள இப்படி ஆடிக்கிட்டு நிப்பானா?"

இரண்டு வாரம் கழித்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு அக்கா பதறிப்போய் ஓடி வந்தாள்.

"தம்பி, ஒம் பொஞ்சாதி வீட்டுக்குப் பின்னால கண்ண மூடிக்கிட்டு, தலைய இப்படியும் அப்படியும் சாய்க்கிறா. கையத் தூக்குறா. வாயி வேற என்னமோ முணுமுணுக்குது. காத்துக் கருப்பு பட்டிருக்குப்பா!"

முணுமுணுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். பத்து வரை எண்ணியிருக்கிறாள், அவ்வளவுதான். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், புருஷனை அமுக்கி அமுக்கியே இவளுக்குக் கழுத்து போயிற்று என்று லயமே சிரிக்கும். மானம் பெரிதாகத் தெரிந்தது. பேசாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் லயத்துக்காரர்கள் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கை, வேப்பிலை, சாம்பிராணி எல்லாம் வந்தன. அவளை நடுவில் உட்கார வைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல சாமி. கழுத்து வலிக்குத்தான் செஞ்சேன். டிரெசரு சொல்லிக் குடுத்தாரு. எங்க வீட்டுக்காரரக் கேளுங்க, அவரும் கூட இருந்தாரு." என்னைக் கை காட்டினாள்.

பூசாரி உடுக்கையை நிறுத்தினார். "என்னப்பா, நெசமா?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது சாமி."

பாவி, சொல்லிவிட்டேன். "பாத்தியா, உள்ள இருக்கிறது பொய் சொல்லுது" என்று பூசாரி அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு தலையை வெடுக்கு வெடுக்கென்று சுழற்றினார். அவள் அலறினாள். "போகுது, போகுது!" என்று கூட்டம் கத்தியது. அது வலி தாங்காத அலறல் என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. டிரெசர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இனி முழுசாத் திரும்பாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்? அன்றிலிருந்து அவர் சொன்னதை வாசலிலேயே நின்று செய்தேன். இரண்டு மாதத்தில் என் வலி குறைந்தது. ஆண்பிள்ளை செய்தால் யாரும் பூசாரியைக் கூப்பிடுவதில்லை.

ஒரு சாயந்திரம் அவள் அடுப்படியில் கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மனசு கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய், "கொஞ்சம் உருவி விடட்டுமா?" என்றேன். அவள் உடம்போடு சேர்த்துத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வேணாங்க. ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."