நீலத்தை எண்ணுகிறவர்

நுண்ணோக்கியில் கண்ணை வைக்கும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொண்டைக்குள் செருகிவிடுவார். பிறகு அதையே ஆய்வகம் முழுக்கத் தேடுவார். "எவன் எடுத்தான் என் கண்ணாடியை?" என்று அவர் அதட்டும்போது யாரும் வாய் திறப்பதில்லை. அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

ஐம்பதைத் தாண்டியவர். அங்கே எல்லோருக்கும் அவர் நீலக்கா. வயிற்றுக்குள் புகுந்து காய்ச்சலைக் கொடுக்கும் ஒரு பாக்டீரியா கக்குகிற நஞ்சைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. அந்த நஞ்சு பட்ட செல் உடனே சாவதில்லை. அகாலத்தில் கிழடு தட்டிப்போகிறது. ஒரு சாயத்தை ஊற்றினால் கிழடானவை மட்டும் நீலமாக மாறும். நாளெல்லாம் நீலத்தைத் தேடுகிறவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"சாகவும் மாட்டான், வேலையும் பாக்க மாட்டான். உக்காந்த எடத்துலேருந்து கத்திக் கத்தி அக்கம்பக்கத்தையும் கெடுப்பான்" என்று கிழட்டுச் செல்லைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார். "எங்க மாமனாரை நெனச்சுக்குங்க, பாடம் மறக்காது."

கையுறை மாட்டிவிட்டால் ஆளே வேறு. நஞ்சுக் குப்பியைத் திறக்கும்போது பக்கத்தில் யாராவது தும்மினால்கூடப் பார்வையாலேயே சுட்டுவிடுவார்.

இப்போது நடப்பது பெரிய சோதனை. அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில் நோயோடு மல்லுக்கட்டும் செல்களும் கிழடாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். போன வருடம் அதே காய்ச்சலில் விழுந்து எழுந்தவர். அதற்குப் பிறகு சின்னச் சளி பிடித்தாலும் படுக்கைதான். அவரும் ரத்தம் கொடுக்கக் கிளம்பியபோது நீலக்கா குறுக்கே நின்றார்.

"ஊரான் ரத்தம்னா இனிக்குது, புருஷன் ரத்தம்னா கசக்குதா?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

ரத்தச் செல்களைப் பரப்பிய தட்டுகளில் எது யாருடையது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு மேலிடம் சம்மதித்தது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விவரம் அறிந்தவர் சக ஆராய்ச்சியாளர் ஒருவர் மட்டுமே. அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாததால் அவருக்குப் பூட்டு என்று பெயர்.

அன்று மதியம் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம். எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்த நீலக்காவின் குரல் ஒரு தட்டில் நின்றுபோனது. பார்த்த பக்கமெல்லாம் நீலம். இத்தனை வருடம் தேடியது கண்ணெதிரே கிடந்தது. மனம் துள்ளியது. அடுத்த மூச்சிலேயே, இது யாருடையதோ என்ற நினைப்பு வந்தது.

"என்னக்கா?" என்றார் பூட்டு.

"இந்த ஆளை உடனே டாக்டர் பாக்கணும். சாதாரணக் கிருமி ஒண்ணு போதும், படுத்துருவாங்க. கூட்டத்துல நிக்கவே விடக் கூடாது."

பூட்டு தட்டின் அடியில் ஒட்டியிருந்த குறியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க நீலக்காவுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டுவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸில் நெருக்கியடிக்கும் கூட்டமும், இருமிக்கொண்டே ஏறுகிறவர்களும் கண்முன் வந்து போனார்கள்.

"அக்கா, ஒருவேளை நீங்க..."

"வாயைத் தொறக்காத! போய் டாக்டருக்குப் போன் போடு. நான் இன்னும் எண்ணி முடிக்கல."

பூட்டு வெளியே போய்த் திரும்பி வந்தார். வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நீலக்கா வரிசை மாறாமல் எண்ணிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கம்மியிருந்தது.

மேசை மேல் கைபேசி அதிர்ந்தது. கணவர். ஒரு கையுறையை உரித்துவிட்டு எடுத்தார்.

"ஏம்மா, உங்க டாக்டர் கூப்பிட்டாரு. வண்டியை அப்படியே டிப்போவுல விட்டுட்டு ஒடனே வாங்கங்கறாரு. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

நீலக்கா பூட்டைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலருகே நின்றவரின் தோள்கள் தளர்ந்து இறங்கின.

"கூட்டத்துல ஏறாதீங்க. ஆட்டோ பிடிச்சு வாங்க" என்றார். "வாசல்லயே நில்லுங்க. நான் வர்றேன்."

"ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வாங்க, சொல்றேன்."

கைபேசியை வைத்தார். அந்தத் தட்டு இன்னும் நுண்ணோக்கியின் கீழேதான் இருந்தது. பாதிதான் எண்ணியிருந்தார்.

கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே மேசை விளிம்பைத் தடவி எழுந்து, நாற்காலியைப் பூட்டின் பக்கம் தள்ளிவிட்டார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாத யாரையாவது உக்கார வச்சு முதல்லேருந்து எண்ணச் சொல்லு."