சுவரோரத்து விடுமுறை

சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை போனதும் பெயிண்டருக்கு வேலை போனது. அதன் பின்னாலேயே வாடகை அறையும் போனது. தங்கச்சியிடம் மட்டும், "வெளிநாட்டுல வேலை, அடிக்கடி பேச முடியாது" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தின் பின்சுவரோரம் குடியேறினார்.

குளிர்கால விடுமுறை வந்தது. அவர் பகலில் கதகதப்பாக ஒதுங்கும் நூலகத்துக்கு விடுமுறை. கழிப்பறைக்குப் பூட்டு. தினமும் சூப் ஊற்றுபவர்களும் குடும்பத்தோடு ஊர்சுற்றக் கிளம்பிவிட்டார்கள். ஊராரின் இரக்கத்துக்கு மட்டும் விடுமுறை இல்லை. அது ஒரே மத்தியானத்தில் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தடுத்து மூன்று கூட்டத்தார் சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டினார்கள்.

"வயித்துல இடமில்லைங்க. நாளன்னிக்குக் கொண்டு வந்தா புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார் பெயிண்டர்.

"நாளன்னிக்கு நாங்க டூர்ல இருப்போமே! சும்மா கையில பிடிங்க, போட்டோவுக்கு" என்றார் ஒரு தர்மவான்.

கடைசியாக ஓர் அலுவலகக் கூட்டம், கம்பெனிப் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த போர்வைகளோடு வந்தது. பெயிண்டரிடம் போர்வையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். தங்கச்சி.

"அண்ணா... நீ வெளிநாட்டுல..."

"மேடம், கொஞ்சம் சிரிங்க! தாத்தா, நீங்க சிரிக்காதீங்க!" என்றான் படம் எடுத்தவன்.

"தாத்தா இல்ல, எங்கண்ணன். மொதல்ல அந்த போனை உள்ள வை!"

அவள் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஏண்ணா சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்."

"இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கேன், பாரு."

அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனாள். வீடு முழுக்க அவள் மாமியார் வீட்டு விருந்தாளிகள். வெந்நீரில் குளித்து, அவள் கணவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவரை, "வெளிநாட்டிலிருந்து லீவுல வந்திருக்கார்" என்று அறிமுகப்படுத்தினாள்.

"அங்க குளிரு எப்படிப்பா?" என்று மாமியார் விசாரித்தார்.

"வெளிய படுத்தா தாங்காதும்மா."

வேலையில்லாமல் சுற்றிய தங்கச்சியின் கொழுந்தன் அவரைத் தனியே ஓரங்கட்டினான். "எனக்கும் அங்க ஒரு இடம் பார்த்துக் குடுங்களேன்."

"இடத்துக்கென்ன தம்பி, நிறையக் கிடக்கு" என்றார் பெயிண்டர். "நீங்க இங்கயே ஒரு வேலை தேடுங்க."

விடுமுறை முடிந்து விருந்தாளிகள் கிளம்பினார்கள். கௌரவமாக அவரும் பையைத் தூக்கினார். அதுவரை ஒரு வார்த்தை கேட்காமலிருந்த தங்கச்சியின் கணவர் பையை வாங்கிப் பரண்மேல் போட்டார்.

"உங்க ஃபிளைட் ரத்தாயிடுச்சாம், மச்சான். வாங்க, சாப்பிடலாம்."