கண்ணைச் சிமிட்டாத பதினோரு வருடம்

1

மலேசியாவின் ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கண்காணிப்பு அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் அந்தோணி அண்ணன் கொடுத்த பயிற்சி மொத்தமே ஒரு நிமிடம்தான். அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். கெத்துக்காக என்று நினைத்துக்கொண்டோம். சுவர் நிறைய இருந்த கெமரா திரைகளைக் காட்டிச் சொன்னார்:

“கண்ண மட்டும் சிமிட்டாத தங்கச்சி. நீ சிமிட்டுற நேரத்துலதான் திருடன் போவான் லா.”

நான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மேலே இருப்பவர் சொன்னால் மறுபேச்சில்லை என்று வளர்ந்தவள். கூட வேலை பார்த்த ரோஸ்னாவும் நானும் யார் அதிக நேரம் சிமிட்டாமல் இருப்பது என்று போட்டியே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அதில் பெருமை வேறு. தூக்கம் வராமலிருக்க ஏர்கோன் காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி நாற்காலியைப் போட்டுக்கொள்வதும் எங்கள் அறையின் வழக்கம்.

2

பதினோராவது வருடம் கண் எரிய ஆரம்பித்தது. மண் விழுந்த மாதிரி உறுத்தல். மத்தியானமானால் திரையில் நடக்கிற ஆள் ஆணா பெண்ணா என்றே தெரியாது. தண்ணீராகக் கொட்டும். ரோஸ்னா கேட்டால் சளி என்பேன். பார்வை போகிறது என்றே முடிவு கட்டி, பயந்து செத்தேன். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. கண் தெரியாதவளை கெமரா பார்க்க யார் வைத்துக்கொள்வார்கள்?

வருடாந்திர மெடிக்கல் செக்கப் வந்தது. கம்பெனி அனுப்பும் கிளினிக்கில் எழுத்து அட்டை எந்தச் சுவரில் தொங்கும் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரமே காய்ச்சல் என்று அங்கே போய், கிட்டே நின்று எட்டு வரியையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். பள்ளியில் வாய்ப்பாட்டைக்கூட அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

செக்கப் நாளில் டாக்டரம்மா வாசிக்கச் சொன்னார். தூரத்தில் அட்டை வெள்ளையாக மங்கித் தெரிந்தது. ஒரே மூச்சில் கடைசி வரி வரை ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அக்கா, அட்டைய மாத்தி மூணு நாளாச்சு. இதுல எழுத்தே இல்ல. எல்லாம் நம்பர்.”

அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், வேலையைப் பற்றி விசாரித்தார். சிமிட்டாத போட்டியைச் சொன்னதும் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, நன்றாகச் சிமிட்டிவிட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஏழு. நாலு. ஒன்பது. கீழிருந்து இரண்டாவது வரி வரை நானே படித்தேன்.

பார்வைக்கு ஒன்றுமில்லை, கண் காய்ந்துபோயிருக்கிறது என்றார். தண்ணீராகக் கொட்டுகிறதே என்று சண்டைக்குப் போனேன். காய்ந்து எரிகிற கண்தான் அப்படிக் கொட்டும், அந்தத் தண்ணீர் கண்ணில் தங்காது என்றார். திரையை வெறித்தாலே சிமிட்டுவது குறையுமாம். நாங்களோ அதையும் போட்டி போட்டுக் குறைத்து, ஏர்கோனையும் முகத்துக்கு நேராக வைத்து, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை மூன்று முறை படித்தேன். அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

3

மறுநாள் நாற்காலியை நகர்த்த அனுமதி கேட்டு, நடந்ததை எல்லாம் அந்தோணி அண்ணனிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மிளகாய்ப்பழமாகச் சிவந்த கண். ஓரத்தில் தண்ணீர்.

“அட்டைய மாத்திட்டாங்களா? அடுத்த வாரம் எனக்கு செக்கப் தங்கச்சி. நான் பழசத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்.”

அன்றே அவரை அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவருக்கும் அதே வறட்சிதான். திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார், நான் சூப்பர்வைசர். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி இன்றும் ஒரு நிமிடம்தான்:

“கண்ண நல்லா சிமிட்டு. எரிஞ்சா மறைக்காம சொல்லு. திருடன் அவ்வளவு வேகமா ஓட மாட்டான் லா.”