திருமுல்லைவாயிலில் அருள்தாஸ் என்று யாரும் இல்லை

எழும்பூரில் இறங்கியதும் சித்தப்பா எனக்கு ஒரு பெயர் வைத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் நீ முருகேசன். நான் ராமையா. இன்சூரன்ஸ் கம்பெனி. மறந்துராத."

என் பெயர் ஜெபராஜ். அவர் சாமுவேல். எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம். நாசரேத்திலிருந்து திருநெல்வேலி வந்து ரயிலேறி, இரவு முழுக்க உட்கார்ந்தே வந்திருந்தோம். என் தங்கை எஸ்தருக்கு மெட்ராசிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் அருள்தாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறான், திருமுல்லைவாயிலில் வீடு, அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்கள் சபைப் போதகர் சொல்லி வந்த இடம். பெண் பார்க்க வரச்சொல்லும் முன்னால் யாருக்கும் தெரியாமல் விசாரித்துவிட வேண்டும் என்று சித்தப்பா கிளம்பினார். துணைக்கு நான்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பெரியம்மா மகளை இதே மெட்ராசில் ஒருவனுக்குக் கொடுத்தோம். நாலாம் மாதம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து கதவைத் தட்டி, வேறு ஏதோ பெயரைச் சொல்லி, "எங்க வூட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்து வந்தவன் அக்காவின் புருஷன். அன்றைக்கு ஊர் திரும்பிய அக்கா இப்போது கோயிலுக்குக்கூட வருவதில்லை.

சித்தப்பாவுக்குப் பெயர்கள் மேலேயே நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷமாக வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். பேர், அப்பா பேர், தெரு கேட்டுத்தான் சைக்கிளைத் தொட விடுவார். அதில் அவருக்கு ஒரு சாஸ்திரமே உருவாகியிருந்தது. பொறுமைராஜ் என்று பெயர் கொண்டவன் மணியை விடாமல் அடித்துக்கொண்டே போவான். தர்மர் என்பவன் காற்றுக்குக்கூடக் காசு தரமாட்டான். கேட்டதும் பெயரைச் சொல்லாமல் மேலே பார்த்து யோசிப்பவனுக்குச் சைக்கிளே கிடையாது.

சென்ட்ரலில் ஆவடி போகும் மின்சார ரயில் ஏறினோம். திருமுல்லைவாயில் சுமார் இருபது கிலோமீட்டர். பெட்டி நிறைய டிபன் டப்பாவோடு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவரையொருவர் மச்சான், தலைவரே, நைனா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் சித்தப்பாவைக்கூட அண்ணாத்தே என்று அழைத்து, நகர்ந்து உட்காரச் சொன்னார். ஒரே ஒரு பெயர்கூட என் காதில் விழவில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிடாத ஊர்ல எவன் எவன்னு எப்படிலே கண்டுபிடிக்க?" என்றார் சித்தப்பா என் காதில்.

திருமுல்லைவாயிலில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. பழைய கோயிலைச் சுற்றி ஊர், அதைச் சுற்றிப் புதிதாக முளைத்த வீடுகள், நடுநடுவே முள்செடி மண்டிய காலி மனைகள். போதகர் சொன்ன தெருவில், அடிபம்பில் ஓர் அம்மாள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா அருள்தாஸ் வீட்டைக் கேட்டார். பம்புக் கைப்பிடி அப்படியே நின்றது.

"அருள்தாஸா? அப்டி யாரும் இங்க இல்லியே. நீங்க யாரு?"

"ராமையா. இன்சூரன்ஸ்."

"இவுரு?"

முருகேசன் என்று நான் சொல்வதற்குள் ஒரு கணம் தடுமாறிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முனைப் பெட்டிக்கடையில் ஆளுக்கொரு டீ குடித்தோம். முக்கால் ரூபாய். பெயரைச் சொல்லாமல், இந்தத் தெருவில் லேத் கம்பெனிக்குப் போகிறவர் யார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார் சித்தப்பா.

"நம்ம சேகரு கீறாரே. அதோ, பச்சைக் கதவு. அம்மாவும் அவுருந்தான். காலைலயே எங்கியோ கெளம்பிட்டாங்க."

பச்சைக் கதவில் பூட்டுத் தொங்கியது. நிலைக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை. போதகர் சொன்ன அடையாளம் அதுதான்.

சித்தப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "எலே, வீடு ஒண்ணு, பேரு ரெண்டு."

அவர் அவசரப்படுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா திரும்பி வந்த நாள்தான் கண்முன் நின்றது.

பஸ் பிடித்து எஸ்டேட்டுக்குப் போனோம். சாலையின் இரண்டு பக்கமும் கம்பெனிகள், எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அருள்தாஸா?" என்று யோசித்தார். "சேகரச் சொல்றீங்களா? அவுரு லீவுல கீறாரு. பூந்தமல்லில பாய் ஊட்டாண்ட இருப்பாரு. ஒரு வாரமா அங்கதான்."

"பாய் வீட்ல என்ன வேலை?"

"அது அவுருக்கு இன்னொரு ஊடு மாதிரிங்க."

இன்னொரு வீடு என்ற சொல் போதும். சித்தப்பாவின் முகம் கறுத்தது. அந்த வேகத்தில், வாட்ச்மேன் பெயர் கேட்டபோது, "சுப்பையா, போஸ்டாபீஸ்" என்று சொல்லிவிட்டார். திருமுல்லைவாயிலில் இன்சூரன்ஸாக இருந்தவர் அம்பத்தூருக்குள் தபால்காரராகிவிட்டார். வாட்ச்மேன் பூந்தமல்லியில் பாய் இருக்கும் இடத்துக்கு வழி சொன்னார். திரும்பி நடக்கும்போது பார்த்தேன். அவர் அறைக்குள் போய் டெலிபோனைக் கையில் எடுத்திருந்தார்.

ஆவடி போய் மாறி, அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் பூந்தமல்லி. பூந்தமல்லி பஸ் நிலையம் சந்தை மாதிரி இருந்தது. பெங்களூர் போகிற லாரிகள், பழ வண்டிகள், கண்டக்டர்களின் கூச்சல். குமணன்சாவடிப் பக்கம் நடந்தால் வலது கையில் டயர் கடை, அதை ஒட்டி பாயின் லேத் பட்டறை. வெயில் உச்சியில் நின்றது.

பட்டறை வாசலில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, தலையில் தொப்பி, வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. எங்களுக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

"வாங்க. இன்சூரன்ஸ் ராமையாவா, போஸ்டாபீஸ் சுப்பையாவா?"

பம்படி அம்மாள் எங்களை மப்டி போலீஸ் என்று நினைத்துப் பெட்டிக்கடைப் போனிலிருந்து டயர் கடைக்குச் செய்தி சொல்லியிருக்கிறாள். தன் பங்குக்கு வாட்ச்மேனும் சொல்லியிருக்கிறார். நாங்கள் அவனை வேவு பார்த்துக்கொண்டு வந்த வழியெல்லாம் எங்களை வேவு பார்த்திருக்கிறார்கள்.

"பிச்சை! உன்னத் தேடிகினு வந்துட்டாங்க பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார் பாய்.

மூன்றாவது பெயர். லேத் சத்தம் நின்றது. கைலியும் பனியனுமாக, முழங்கை வரை கிரீஸோடு ஓர் இளைஞன் வேஸ்ட் துணியில் கை துடைத்தபடி வந்தான். பின்னாலேயே சாப்பாட்டுத் தூக்கோடு அவன் அம்மா.

"நான்தாங்க அருள்தாஸ். இன்னா விஷயம்?"

இனி மறைக்க வழியில்லை. நானே என் நிஜப் பெயரைச் சொல்லி, நாசரேத் என்றேன். அவன் முகம் சட்டென்று மாறியது. பனியனோடு நிற்கிறோமே என்ற கூச்சம் முதலில் தெரிந்தது. அப்புறம்தான் கோபம்.

"அது இன்னாங்க மூணு பேரு உனக்கு?" என்று சித்தப்பா அவர்கள் பாஷையிலேயே கேட்கப் பார்த்தார்.

"கம்பெனில சேர்ந்த அன்னிக்கு குடுத்த டூல்ஸ் பெட்டில சேகர்னு எழுதியிருந்துது. முன்னால வேலை செஞ்சவரு பேரு. போர்மேன் அதப் பாத்து சேகருன்னு கூப்ட்டாரு. இல்லன்னு சொன்னா வேலை பூடுமோன்னு பயம். சரின்னு திரும்பிட்டேன். அதுலருந்து தெருவரைக்கும் சேகருதான்."

"லீவு?"

"தொழில் கத்துக்குடுத்தது இவுருதாங்க. கை அடிபட்டுப் போச்சு. ஒத்துகின வேலைய யாரு முடிக்கறது?"

சித்தப்பா அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். அந்த அம்மா தூக்கைத் தரையில் வைத்த சத்தத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இருய்யா. பொண்ணு குடுக்க வந்தியா, புடிச்சினு போவ வந்தியா? ஊட்டுக்கு வந்து கேட்டா உக்கார வச்சு எல்லாம் சொல்லியிருப்பேன். எங்க தெருவுல, கம்பெனில போயி விசாரிக்க என் புள்ள இன்னா களவாணியா? எனக்கு இந்தச் சம்மந்தம் வோணாம்."

மெட்ராசை நம்பலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அவர்கள் எங்களை நம்பலாமா என்ற கேள்வி வரும் வழியில் எங்கேயும் எங்களுக்குத் தோன்றவில்லை. எஸ்தரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"முதல்ல உம் பேரச் சொல்லு. நெஜப் பேரு" என்றாள் அந்த அம்மா.

சித்தப்பா, தன் சாஸ்திரப்படியே சைக்கிள் கிடைக்காதவன்போல மேலே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"குப்பை."

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஞானஸ்நானத்துக்கு அப்புறந்தான் சாமுவேல். எனக்கு முன்னால மூணு பிள்ள தங்கல. நான் பொறந்ததும் எங்கம்மா குப்பைமேட்டுல ஒரு நிமிஷம் போட்டுட்டு, யாரோ போட்ட பிள்ளைய எடுக்க மாதிரி எடுத்துருக்கா. அப்படியே அந்தப் பேரு. பள்ளிக்கூடத்துல சிரிப்பானுக. நாசரேத்துல வந்து குடியேறினப்போ அதச் சொல்லாம விட்டுட்டேன்."

அந்த அம்மா கீழே உட்கார்ந்தாள்.

"எனக்கு ரெண்டு போச்சு" என்றாள். "இவன் வயித்துல இருந்தப்ப பத்து ஊட்ல அரிசி வாங்கிக் கஞ்சி காச்சிக் குடிச்சேன். பிச்சை எடுத்துப் பெத்ததால பிச்சை. அப்டிக் கூப்ட்டாத்தான் இவன் எங்கிட்ட தங்குவான்னு இன்னும் ஒரு பயம்."

பாய் டயர் கடைப் பக்கம் திரும்பி டீ சொன்னார். டீ வந்ததும் சித்தப்பா அக்காவின் கதையைச் சொன்னார். எதையும் விடவில்லை, குழந்தையோடு வந்த பெண், அவள் சொன்ன பெயர், எல்லாம். முடித்ததும் அந்த அம்மா, "அந்தப் பொண்ணு இப்ப சாப்புடுதா, தூங்குதா?" என்று மட்டும் கேட்டாள். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புறப்படும்போது அருள்தாஸ் பஸ் நிலையம் வரை வந்தான். சட்டை மாற்றி, கிரீஸ் போகக் கை கழுவியிருந்தான். "உங்க தங்கச்சி இன்னா கேக்கணும்னு நெனக்கிறாங்களோ, நேரா கேக்கட்டும். நான் வரேன்" என்றான். அம்மா சரி என்று சொன்னாளா என்று நான் கேட்டேன். "வேணாம்னு சொல்லல" என்றான்.

மாலை எழும்பூரில் ரயில் நகர்ந்தபோது சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி அறியப் பெயர்கூட வேண்டாம். வீட்டைச் சொன்னால் மூன்று தலைமுறையும் வந்து விழும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வருகிறவன் ஒரு பெட்டியோடு தனியாக வந்து இறங்குகிறான். பக்கத்தில் இருப்பவர்கள் அவனுக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். யாராவது கேட்டு வந்தால் அவனுக்காகக் கதவையும் சாத்திக்கொள்கிறார்கள். எது பாதுகாப்பு என்று எனக்கு இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை.

ஜூனில் அவன் வந்தான். எஸ்தர் அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். செப்டம்பரில் கல்யாணம். அவன் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போதகர் சொல்லச்சொல்ல, "எஸ்தர் ஆகிய நான், அருள்தாஸ் ஆகிய உம்மை" என்று என் தங்கை கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான். வெளியே வந்து வேனில் ஏறும்போதே "இந்தாங்க" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பினான்.