விரலால் அறியும் நரம்பு

பாட்டிலின் கழுத்தில் விரலை ஓட்டுகிறார் ஈஸ்வரி. ஒரு ரப்பர் வளையம். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். மூன்று வளையம். "இதான் விராலுக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அதில் சுற்றியிருக்கும் தடித்த தூண்டில் நரம்பைப் பிரிக்கிறார்.

பாபநாசத்தை அடுத்து, குடமுருட்டி ஆற்று மதகுக்குப் பக்கத்தில் வீடு. அறுபதை நெருங்கும் வயது. நடவும் களையெடுப்பும் இல்லாத நாட்களில் ஆற்றங்கரையில்தான் இருப்பார். கோணிப்பை நிறையக் காலி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நரம்பு. கெண்டைக்கு மெல்லியது, கெளுத்திக்கு நடுத்தரம், விராலுக்குத் தடிப்பு. மனிதர்களிடம் பேச்சு குறைவு. மீன்களிடம் மட்டும் மரியாதை அதிகம். தக்கை அசைந்தால், "வாங்க, சாப்பிடுங்க" என்பார், சிரிக்காமல்.

முன்பு மூடிகளில் நகப்பூச்சு தடவி அடையாளம் வைத்திருந்தார். சிவப்பு, ஊதா, பச்சை. பிறகு பார்வை மங்க ஆரம்பித்தது. "எல்லாக் கலரும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. யார்ட்ட சொல்றது?" என்கிறார் என்னிடம். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

போன ஆடியில் புதுத்தண்ணீர் வந்த அன்று, கெண்டை நரம்பு என்று நினைத்து விரால் நரம்பைச் சரசரவென்று பிரித்தார். அதன் நுனியிலிருந்த பெரிய தூண்டில் முள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கணவர் ரெங்கசாமி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். கட்டுப் போட்ட நர்ஸ், "இவ்ளோ பெரிய முள்ளு தெரியலையாம்மா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தஞ்சாவூர்க் கண் மருத்துவர் சோதித்துப் பார்த்து, கண்ணில் அழுத்தம் என்றார். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம்.

வீடு திரும்பியதும் ரெங்கசாமி கோணிப்பையைப் பரணில் தூக்கிப் போட்டார். ஈஸ்வரி சண்டை போடவில்லை. காயம் ஆறும்வரை ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடியே வாசலில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்த அன்று கணவரிடம் சொன்னார்:

"கண்ணுதான் போவுது. கை இருக்குல்ல. அந்தப் பையை எறக்கிக் குடுங்க."

அவர் நாற்காலி போட்டு ஏறினார். அன்று மத்தியானம் முழுக்க இருவரும் பாட்டில்களுக்கு வளையம் மாட்டினார்கள். முள் முனைகளை ரப்பர்ச் செருப்புத் துண்டுகளில் குத்தி வைப்பது ரெங்கசாமியின் யோசனை. மாட்டி முடித்ததும் பாட்டில்களைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக மனைவியின் கையில் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்படியும் மனம் கேட்காமல், அன்றிலிருந்து ஆற்றுக்கு அவரும் கூடவே வருகிறார். அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது.

நான் போயிருந்த மாலையில் விரால் வரவில்லை, இரண்டு கெளுத்திதான். வெளிச்சம் இறங்கியதும் கிளம்பினார்கள். கைபிடிக்க வந்த கணவரை, "நானே வர்றேன்" என்று விலக்கிவிட்டுக் கரைச்சரிவில் முன்னால் ஏறினார் ஈஸ்வரி. பாதியில் நின்றார். அடுத்த மிதி எங்கே என்று காலால் துழாவினார். பிறகு, திரும்பிப் பார்க்காமல், பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையைப் பின்னால் நீட்டினார்.